வீட்டு வாகனத்துக்கு அலாரம் வாங்குமுன்



மோட்டர்ஹோம் எனப்படும் வீட்டு வாகனத்துக்கு அலாரம் வாங்குமுன் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை வாசியுங்கள். களவுபோன வாகனத்துக்கு இழப்பீடு மறுத்து வந்த கடிதமொன்றை ஒரு குடும்பத்துக்கு மொழிபெயர்த்துக் கூற எனக்கு நேர்ந்தது. அலாரம் இருந்தது, பத்திரம் கோரிய வகை அதுவன்று.

பிரித்தானியக் காப்புறுதி நிறுவனங்கள் பல, தச்சம் தரப்படுத்தலைக் கோருகின்றன. முதலாம் வகையில் அலாரமும், இயந்திரம் இயங்காது தடுக்கும் கருவியும் உண்டு. இரண்டாம் வகை தடுப்புக் கருவி மட்டுமே. எஸ்5, எஸ்7 என்பன களவுபோன வாகனத்தின் இருப்பிடத்தைக் காட்டுவன.

வாகனத்துடன் வரும் அலாரம் பெரும்பாலும் சாரதிப் பகுதியையே காக்கும். வசிப்பிடக் கதவு, யன்னல்கள், வெளிப்புறப் பொருட்பெட்டிகள் ஆகியவற்றுக்கும் உணரிகள் வேண்டும். நீங்கள் உள்ளே உறங்கும்போது, அசைவு உணரியை மட்டும் நிறுத்திக் கதவுகளைக் காக்கும் வசதி உண்டா எனக் கேளுங்கள். பொருத்தியமைக்கான சான்றிதழைப் பெற்று, வாகனத்திலன்றி வீட்டில் வையுங்கள். வாகனத்தை விட்டகலும் ஒவ்வொரு முறையும் அலாரத்தை இயக்குங்கள்.

களவு நடந்துகொண்டிருந்தால் 999ஐயும், நடந்து முடிந்திருந்தால் 101ஐயும் அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனத் தயங்காது கேளுங்கள். பொலிசார் தரும் குற்றப் பதிவு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; காப்புறுதி நிறுவனம் அதனைக் கேட்கும்.