பார்வை வேட்டுவன்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவில் பேச வேண்டுமென்று நம் செயலாளர் பணித்தபோது, ‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ என்று தலைப்பும் தந்தார். அத்தலைப்பில் நான் இருபது முறையேனும் பேசியிருப்பேன். அத்தனையையும் பொறுமையுடன் கேட்டவர்களும் இங்கே இருக்கின்றீர்கள். ஆதலின் அதன் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொண்டு, கவுதாரி வேட்டையைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். செயலாளர் சற்றே திகைத்தார், பிறகு இசைந்தார். அவர்க்கு என் நன்றி.

இவ்வுரைக்காக நம் வட்டம் ஆண்டுதோறும் வெளியிட்ட பத்துக் கவிதைத் தொகுப்புகளையும் மீண்டும் ஒருமுறை படித்தேன். ‘பறவை’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் பறக்கின்றது. சிறகு முளைக்காத கவிதையே இல்லை எனலாம். குயில் உண்டு, கிளி உண்டு, புறா உண்டு. கடலையே காணாத நம் மாவட்டத்துக் கவிஞர் ஒருவர் கடற்பறவையையும் பாடியிருக்கின்றார். கவுதாரி ஒன்றுகூட இல்லை. என்னுடைய கவிதைகளையும் சேர்த்தே சொல்கின்றேன். பங்குனியில் பொழுது புலர்வதற்கு முன் நம் கரிசல் காட்டு வரப்பில் நின்றவர் எவர்க்கும் முதலில் காதில் விழும் குரல் அதனுடையதே. அறிவியலார் இதற்கு இட்ட பெயரிலும் நமக்கு ஓர் உறவு உண்டு. புதுச்சேரியின் பெயரே 1789 முதல் இப்பறவையின் இலத்தீன் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அத்துணை அண்டை வீட்டுப் பறவை நம் பாட்டில் நுழையவில்லை.

எனக்கு அப்பறவையைக் காட்டியவர் ஒரு குருவிக்காரர். நரிக்குறவர் என்று நாம் வழங்கும் மக்களுக்குக் குருவிக்காரர் என்றும் ஒரு பெயர் உண்டென்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1965, 66 வாக்கில், நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவர் மாசி மாதக் கடைசியில் மனைவி மக்களோடு எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் வந்து இறங்குவார். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் தங்குவார். என் தந்தையாரை ‘பெரிய சாமி’ என்பார். என்னைச் ‘சின்ன சாமி’ என்பார். நாங்கள் அவரை எப்படி அழைத்தோம் என்பதைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

வேட்டை என்றவுடன் ஓட்டமும் ஆரவாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவர் வேட்டையில் ஓட்டமே இல்லை. முக்காற்பங்கு வேலை முந்திய நாளே முடிந்துவிடும். பிற்பகல் வெயில் சாயும்போது காட்டைச் சுற்றிப் புறப்படுவார். நான் பின்னே செல்வேன். வண்டிப்பாதை ஓரத்துப் புழுதியில் தேங்காய்த் தொட்டி அளவு குழிகள் தென்படும். கவுதாரி புழுதி குளித்த இடம். விரலால் தொட்டுப் பார்ப்பார். குழியின் விளிம்பு கூராக இருந்தால் இன்றைய குளியல். காற்றில் மழுங்கியிருந்தால் பழையது. பக்கத்தில் காலடித் தடம் இருக்கும்: முன்னே மூன்று விரல், பின்னே ஒரு சிறு புள்ளி. உடைமரத்தடியில் எச்சம் சிதறிக் கிடந்தால் அண்ணாந்து பார்ப்பார். கவுதாரி தரையில் திரியும் பறவையாயினும் இரவில் தாழ்ந்த முள்மரத்தில் ஏறி அடையும். கிளறிய கறையான் புற்று, சிந்திய சோளம், வாய்க்காலில் எஞ்சிய ஈரம், இவை ஒவ்வொன்றின் அருகிலும் சற்று நின்றுவிட்டு மேலே நடப்பார். எழுதி வைப்பதில்லை, எழுதவும் அறியார்.

பொழுது சாய்ந்தபின் உட்கார்ந்துவிடுவார். “காதைக் குடு சாமி, வாயை மூடு” என்பார். ஒரு சேவல் கூவும். ஒரு வயல் தள்ளி இன்னொன்று மறுகூவல் கூவும். மறுநாள் வைகறையிலும் அதே இடத்தில் அதே இரண்டும் கூவுகின்றனவா என்று கேட்பார். அவ்வாறு கூவினால் அவ்விரண்டின் ஆட்சி எல்லை எங்கே சந்திக்கின்றது என்பது அவர்க்குத் தெரிந்துவிடும். கண்ணி வைப்பது அந்த எல்லையில்தான். புற்றருகிலும் இல்லை, தண்ணீர் அருகிலும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “இரைக்கு வர்றவன் நாலு பக்கம் பாத்துக்கிட்டு வருவான். சண்டைக்கு வர்றவன் பாக்கமாட்டான் சாமி” என்றார். அறுபது ஆண்டுகளாக அவ்வாக்கியத்தை நான் வைத்துக்கொண்டிருக்கின்றேன். இலக்கியக் கூட்டங்களிலும் அது எனக்குப் பயன்பட்டிருக்கின்றது.

அவரிடம் பழக்கிய கவுதாரிச் சேவல் ஒன்று இருந்தது. மூங்கிற் கூண்டில் வைத்துத் துணியால் மூடியிருப்பார். கறையானும் கம்பும் அதற்கு உணவு. வேட்டைக்கு முந்திய இரவு முழுவதும் துணியை விலக்கமாட்டார். விடியலில் எல்லைக்குக் கொண்டுபோய், காலில் நூல் கட்டி, முளைக்குச்சியில் பிணித்து, துணியை எடுத்தவுடன், இருளில் அடைபட்டிருந்த அச்சேவல் வெளிச்சத்தைக் கண்டு கூவும் பாருங்கள், காடே அதிரும். அக்காட்டின் உரிமைச் சேவல் வந்தவன் யாரென்று பாய்ந்து வரும். சுற்றிலும் வால்மயிரில் திரித்த கண்ணிகள்.

அவரை மகானாக்கிப் பேச நான் வரவில்லை. பெட்டை சிக்கினாலும் விடமாட்டார், விற்றுவிடுவார். எங்கள் வீட்டிலும் வாங்கிச் சமைத்திருக்கின்றோம்.

இவ்வித்தை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பணியாற்றும் என் தங்கை மகன் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னான். அங்கே காட்டு வான்கோழியை இளவேனிலில் வேட்டையாடுவர். வேட்டைப் பருவம் திறக்கும் முன்பே விடியற்காலையில் காட்டுக்குச் சென்று, ஆந்தையைப் போல் குரல் கொடுப்பார்களாம். மரத்தில் அடைந்திருக்கும் சேவல் அக்குரல் கேட்டுத் திடுக்கிட்டுத் தன்னையறியாமல் கூவித் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். புழுதிக் குழி, காலடி, எச்சம், உதிர்ந்த இறகு என்று அவன் வரிசையாகச் சொல்லச் சொல்ல, புளியமரத்தடிக்காரர் அங்கே எப்போது போனார் என்று எண்ணிக்கொண்டேன். பெட்டையின் குரலை மரப்பெட்டியில் எழுப்பி, பொய்ப் பெட்டையை நிறுத்திச் சேவலை அழைக்கின்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிப்போயிருந்த அப்பறவை இன்று பல இலட்சமாகப் பெருகியிருக்கின்றது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர்க் காப்புக்கே செலவிட வேண்டுமென 1937இல் அங்கே சட்டம் இயற்றினர். உரிமம் உண்டு, பருவம் உண்டு, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

வான்கோழி என்றதும் அவையில் ஒரு சலசலப்பு எழுவதைக் காண்கின்றேன். ஆம், மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயன்ற அந்த வான்கோழியைத்தான் நாம் மூதுரையில் படித்தோம். அப்பறவையோ அமெரிக்கக் கண்டத்தது. 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீரின் அவைக்கு ஒன்று வந்தபோது பேரரசரே வியந்து தம் நினைவுக் குறிப்பில் வருணித்தார். ஓவியர் மன்சூர் அதனைத் தீட்டினார். அப்படியாயின் மூதுரையின் வான்கோழி வேறொரு பறவையா, அன்றி அப்பாடல் பிற்காலத்ததா? இவ்வினாவைப் புலவர்களிடம் விட்டுவிட்டு நம் ஊர்ப் புளியமரத்தடிக்கு மீள்கின்றேன்.

ஒரு சித்திரை விடியலில் கண்ணி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். கோடை மழை எதிர்பாராமல் பிடித்துக்கொண்டது. நாங்கள் வேலமரத்தடியில் ஒதுங்கினோம். திறந்த வெளியில் முளைக்குச்சியில் கட்டுண்ட சேவல் சிறகைக் குவித்துக்கொண்டு நடுங்கிற்று. எதிரே முள்வேலிக்குள் காட்டுச் சேவல் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. இன்னும் சிறிது பொறுத்திருந்தால் அது வந்திருக்கும். அவர் எழுந்து போனார். நூலை அவிழ்த்தார். சேவலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காட்டுச் சேவல் ஓடிவிட்டது. அன்று அவர் வீட்டுக்கு அரிசி இல்லை என்பதை நான் அறிவேன். முந்திய நாள் மாலை அவர் மனைவி எங்கள் வாசலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னர் நான் திருச்சிராப்பள்ளியில் தமிழ் படித்தபோது நற்றிணையில் 312ஆம் பாடல் வந்தது. கழார்க் கீரன் எயிற்றியார் பாடியது. மாரிக்காலத்தில் ஈங்கையின் தளிர் தடவச் சிறகு குவிந்து வருந்தியிருக்கும் வெண்குருகு ஒன்று. அது வேட்டுவன் பிற பறவைகளைப் பிடிப்பதற்காகக் கட்டி வைத்தது. அவ்வேட்டுவனே இரங்கி அதன் காற்கட்டைக் களைகின்றான். தலைவியைப் பிரிய எண்ணும் தலைவன், நான் அருகிருக்கும்போதே நடுங்குகின்றவள் வாடைக்காலத்தில் தனித்து என்னாவாள் என்று நினைக்கும் பாடல் அது. பேராசிரியர் தலைவியின் மெல்லியல்பு குறித்து விரிவாக விளக்கிக்கொண்டிருந்தார். என் கண்முன் நின்றது வேலமரத்தடி.

அப்பாடலில் அவ்வேடனுக்குப் பெயர் ‘பார்வை வேட்டுவன்’. பார்வை என்பது காட்டி அழைப்பதற்காகப் பழக்கிய விலங்கு அல்லது பறவை. நாம் இன்று ‘சமுதாயப் பார்வை’ என்றும் ‘மறுபார்வை’ என்றும் கட்டுரைத் தலைப்பு வைக்கின்றோமே, அச்சொல்லுக்கு இப்படியொரு பொருள் இருந்தது. நற்றிணை 212இல் குடவாயிற் கீரத்தனார் இதே வேட்டுவனைக் காட்டுகின்றார். அவன் வலையை அஞ்சிய கணந்துட் பறவையின் கூவல், வழிச்செல்லும் கூத்தரின் யாழ் நரம்போடு ஒத்திசைக்கின்றது. புறநானூறு 320இல் வீரை வெளியனார் காட்டும் முற்றம் எனக்கு இவற்றினும் இனியது. வேட்டுவன் உறங்குகின்றான். அவனுடைய பார்வைப் பிணைமானோடு காட்டுக் கலைமான் ஒன்று வந்து விளையாடுகின்றது. கணவன் விழித்துவிடுவானோ என்றும், கலை பிரிந்துவிடுமோ என்றும் அஞ்சி மனைவி அசையாமல் இருக்கின்றாள். அவள் அசையாததால் மான்தோலில் காயும் தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. இதல் என்பதற்குக் கவுதாரி என்றும் காடை என்றும் பொருள் கொள்வர்.

இவற்றைப் பாடியவர்கள் வேட்டுவனின் முந்திய நாள் வேலையை அறிந்தவர்கள் என்பது என் துணிபு. எயிற்றி என்ற பெயரே எயினர் குலத்துப் பெண் என்று பொருள்படுவது. கட்டிய பறவை மழையில் எவ்வாறு இருக்கும் என்று அவர் யாரிடமும் கேட்டு எழுதியிருக்கமாட்டார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின்னும் உரிமம் பெற்றுச் சிலவகைச் சிறு பறவைகளை வேட்டையாட வழியிருந்தது; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் அடைத்தது. சட்டம் சரியானது என்றே நான் கருதுகின்றேன். வீட்டுத் தேவைக்கு ஒருவர் பிடித்த காலம் போய், நைலான் வலையில் நூற்றுக்கணக்கில் வாரிச் சந்தைக்கு அனுப்பும் காலம் வந்துவிட்டது. மக்காச்சோளமும் பருத்தியும் மண்டிய வயல்களில் மருந்து தெளிக்கின்றோம்; அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்காக நிலத்தையே அகழ்ந்துவிட்டோம். கவுதாரிக்குச் சட்டத்தின் துணையேனும் வேண்டும். 1999இல் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பெற்ற கரைவெட்டி ஏரியில் இன்று வரித்தலை வாத்தைக் காண்கின்றோம் என்றால் அதுவும் காப்பின் பயனே.

ஆயினும் குருவிக்காரரின் வித்தைக்கு என்ன ஆயிற்று? 1975க்குப் பின் அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை. அம்மக்கள் ஊசியும் பாசிமணியும் விற்றனர். 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பெற்றனர். அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலிக்கு எழுத்து இல்லை. அந்தப் பழக்கிய சேவலை அவர் தம் மொழியில் ஒரு சொல்லால் அழைப்பார். சிறுவனாகிய எனக்குச் சொல்லியும் தந்தார். மறந்துவிட்டேன். சங்கச் சொல்லை நற்றிணை காத்துத் தந்தது. காதில் நேராக விழுந்த சொல்லை நான் தொலைத்தேன். அவர் பெயரோ, தொலைப்பதற்கும் என்னிடம் இல்லை. நாங்கள் அவரை ‘டேய் குருவிக்காரா’ என்று அழைத்தோம். பத்து வயதுப் பையன், தன் தந்தையினும் மூத்தவரை. ஒருநாளும் அவரிடம் பெயர் கேட்கவில்லை. இன்று ‘அவர்’ என்று சொல்வது எளிதாக இருக்கின்றது.

சென்ற ஆண்டு, நம் பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்பநகர் முதலிய இடங்களில் அமைந்துள்ள அம்மக்களின் குடியிருப்புகளில் ஒன்றுக்குச் சென்றேன். மூதாட்டி ஒருவர் வாசலில் பாசி கோத்துக்கொண்டிருந்தார். குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “அம்மா, கவுதாரி பிடிக்கப் பழக்கின கவுதாரிக்கு உங்க பேச்சில என்ன பேரு?” என்று கேட்டேன். அவர் கை நின்றது. “எதுக்கு சாமி, எழுதிக்கிட்டுப் போயி எங்க புள்ளைங்களப் புடிச்சுக் குடுக்கவா?” என்றார். நான் ஆசிரியராக இருந்தவன், தமிழ் படித்தவன் என்றெல்லாம் சொன்னேன். அவர்க்கு அவை எதுவும் பொருட்டாகத் தோன்றவில்லை. என் பேச்சை இறுதிவரை கேட்டுவிட்டு, மீண்டும் பாசியைக் கையில் எடுத்துக்கொண்டு, “நோட்ட வூட்டுல வச்சிட்டு வா சாமி. பங்குனியில வா. கூவறப்பதான் பேரு ஞாபகம் வரும்” என்றார்.

வரும் பங்குனியில் செல்ல இருக்கின்றேன். உடன்வர விரும்பும் கவிஞர்கள் விடியற்காலை 4 மணிக்குப் பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். எழுதுகோல் வேண்டா.