நோய் தணிந்தது, வீடு எங்கே?



காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் குணமாகி வீடு திரும்புகிறார். அக்கம்பக்கத்தார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள். மனநோய் வந்து குணமான பெண் வீடு திரும்பினால் என்ன நடக்கிறது? பல வீடுகளில் கதவே திறப்பதில்லை. இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

மனநோய் யாருக்கும் வரலாம். பேய் பிடித்தோ செய்வினையாலோ வருவதல்ல. மற்ற நோய்களைப் போல அதற்கும் மருந்து உண்டு. மனச்சிதைவு என்னும் கடுமையான நோய் வந்தவர்களிலும் பலர் தேறுகிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். குடும்பம் நடத்துகிறார்கள்.

ஆனால் மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதிப் பாதிக்கு மறுவாழ்வு என்று பெயர். இருக்க வீடு, செய்யத் தொழில், பேச நாலு மனிதர். இவை கிடைப்பதில்தான் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுகிறது.

ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இந்த நோய் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு, "ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். நோயை மறைத்துப் பெண் பார்ப்பார்கள். வந்தவள் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். சோறு போடுவாள். கூலிக்கும் போவாள். தங்கை கதை வேறு. புருஷன் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போவான். பிள்ளையைத் தர மாட்டார்கள். சில நாளில் அவனுக்கு வேறு கல்யாணம் நடக்கும். நோய் ஒன்று, வழி இரண்டு.

சென்னையில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். மனச்சிதைவு வந்த 76 பேரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1997-இல் முடிவு வெளிவந்தது. கல்யாணம் ஆகாமலே இருந்துவிட்டவர்களில் ஆண்கள் அதிகம். கல்யாணம் ஆகி முறிந்துபோனவர்களில் பெண்கள் அதிகம். அப்படி மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி 2003-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. ஜீவனாம்சமும் கிடைக்கவில்லை. வயதான பெற்றோரே சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். "எங்கள் காலத்துக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்?" என்பதே அந்தப் பெற்றோரின் கவலை.

கல்யாணம் மருந்து அல்ல. நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு பேரையும் கெடுக்கும். உண்மையைச் சொல்லி, இருவரும் சம்மதித்துச் செய்தால் அது வேறு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஊரோடு சேர்ந்து வாழும் உரிமை மனநோயாளிக்கு உண்டு என்கிறது அது. குடும்பம் ஏற்கவில்லை, போக இடம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. குடும்பம் கைவிட்டால் அரசு துணை நிற்க வேண்டும். குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற அவருக்குச் சட்ட உதவியும் தர வேண்டும். தாய் மருத்துவமனையில் இருந்தால், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாக அவளிடமிருந்து பிரிக்கக் கூடாது.

வழக்கு நடத்தப் பணம் இல்லையே என்று அஞ்ச வேண்டாம். எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

வீடே இல்லாதவர்கள் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் பேன்யன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்கு அது அடைக்கலம் தந்தது. குணமான பலர் தங்கள் ஊர் திரும்பினார்கள். திரும்ப வழியில்லாதவர்களுக்குச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்தார்கள். நான்கைந்து பேர் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். சமைக்கிறார்கள். கடைக்குப் போகிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருக்கிறார். இந்த முறை கேரளம், அசாம் போன்ற மாநிலங்களுக்கும் பரவியது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

குணமாகி வந்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "பைத்தியம்" என்று சொல்லாதீர்கள். கல்யாணம், காதுகுத்து என்றால் அவளையும் அழையுங்கள். மாத்திரையை அவளாக நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பம் ஆனால் உடனே மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். மகளிர் குழுவில் ஓர் இடம் கொடுங்கள். சம்பாதித்த காசு அவள் கையிலேயே இருக்கட்டும்.

ஆலோசனை வேண்டுமா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண் அது. கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக ஒன்று. மகனுக்கு நோய் வந்தால் "சரியாகிவிடும்" என்று காத்திருக்கிறோம். மகளுக்கும் மருமகளுக்கும் அதே பொறுமை வேண்டும். மருத்துவர் நோயைத் தணிப்பார். கதவைத் திறக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.