செருப்புத் தைப்பவர் மகன் கண்ட போர்முறை

(தொழிலாளர் படிப்பு வகுப்பில் நிகழ்த்திய உரை)



போர் என்றதும் நமக்கு மன்னர்களின் பெயர்களைத்தான் சொல்லித் தருகிறார்கள். அலெக்சாந்தரைத் தெரியாதவர் இல்லை. அவன் பிறப்பதற்கு முன்பே காலாட்படையின் போர்முறையை உலுக்கிய இபிக்ரட்டீசை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் ஏதென்ஸ் நகரின் படைத்தலைவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன் என்று பழைய நூல்கள் கூறுகின்றன.

அக்காலக் கிரேக்க நகரங்களில் பெரும்பாலும் அவனவன் தன் காசில்தான் ஆயுதம் வாங்கிக்கொள்ள வேண்டும். வெண்கலத் தலைக்கவசம், மார்க்கவசம், நீண்ட ஈட்டி, மூன்றடி அகலக் கேடயம். கேடயம் மட்டுமே ஏறக்குறைய 7 கிலோ. நிலபுலம் உள்ளவனுக்குத்தான் இது கட்டுப்படியாகும். இவர்கள் தோளோடு தோள் சேர்த்துச் சுவர்போல நகர்வார்கள். வீரர் என்றால் இவர்களே. ஏழை, கப்பலில் துடுப்பு வலித்தான்; அல்லது எறியீட்டியும் சிறு கேடயமுமாகப் படையின் ஓரத்தில் ஓடினான். அவனை யார் மதித்தார்கள்? ஸ்பார்ட்டாக்காரர்களோ வயலை ஹெலட் என்னும் அடிமைக் குடியானவர்களிடம் விட்டுவிட்டு, வாழ்நாளெல்லாம் போர்ப் பயிற்சி செய்தவர்கள். தங்கள் கூட்டாளிகள் எறியீட்டிக்காரர்களைக் கண்டு, பூச்சாண்டியைக் கண்ட பிள்ளைகளைப்போல நடுங்குகிறார்கள் என்று கேலி பேசினார்கள்.

கி.மு. 390. கொரிந்து நகருக்கருகே லெக்கையம் துறைமுகம். ஸ்பார்ட்டாவின் சுமார் 600 கனகாலாட்கள், திருவிழாவுக்கு ஊர் திரும்பிய தோழர்களை வழியனுப்பிவிட்டு, கொரிந்தின் மதிலோரமாகவே திரும்பி வந்தார்கள். எவன் நம்மைத் தொடுவான் என்ற இறுமாப்பு! குதிரைப்படை உடன் இல்லை. இபிக்ரட்டீசு தம் எறியீட்டிக்காரர்களை ஏவினார். காலியஸ் தலைமையில் ஏதென்ஸ் கனகாலாட்கள் நகரருகே அணிவகுத்து நின்றார்கள்.

எறியீட்டிகள் பாய்ந்தன. முதலில் விழுந்தவர்களைக் கேடயம் சுமக்கும் ஆட்கள் துறைமுகத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அந்தப் படையில் மெய்யாகவே தப்பியவர்கள் இவர்கள்தாம் என்று செனபோன் கசப்போடு எழுதுகிறார். இளைஞர்களுக்குத் துரத்தும்படி கட்டளை பிறந்தது. வெண்கலம் சுமந்தவன் வெறுங்கை வீசி ஓடுபவனைப் பிடிப்பானா? மூச்சு வாங்கித் திரும்பும்போது முதுகிலும் விலாவிலும் ஈட்டி பாய்ந்தது. மறுபடி துரத்தினார்கள்; மறுபடி அதே கதி. குதிரைப்படை வந்து சேர்ந்தது. அதுவோ முன்னே பாயாமல் காலாட்களோடு ஒட்டியே ஓடியது. கடைசியில் கடலருகே ஒரு குன்றில் ஒதுங்கினார்கள். ஏதென்ஸ் கனகாலாட்களும் நெருங்கவே அணி உடைந்தது. சுமார் 250 பேர் மாண்டார்கள்.

ஸ்பார்ட்டா மன்னன் அகெசிலாஸ் படையோடு ஊர் திரும்பியபோது, வழியிலுள்ள நகரங்களில் இருட்டிய பின் நுழைந்து, விடியுமுன் கிளம்பினான். மாண்டினியா நகரை இருட்டிலேயே கடந்தான். பூச்சாண்டிக் கேலிக்கு ஆளானவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தாம்!

பெருங்கேடயத்தைச் சிறிதாக்கியது, ஈட்டியை நீளமாக்கியது, வெண்கல மார்க்கவசத்துக்குப் பதில் சணல்நூல் கவசம் கொடுத்தது ஆகியவற்றையும் பண்டை வரலாற்றாசிரியர்கள் இபிக்ரட்டீசின் பெயரில் எழுதியுள்ளனர். பின்னால் மாசிடோனியாவின் நெடு ஈட்டிப்படை இதிலிருந்து கற்றதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் வேலை நுணுக்கம் தெரிந்தவர்களே, ஒன்றைக் கவனியுங்கள்: ஈட்டியோடும் கேடயத்தோடும் அவர் நிற்கவில்லை. சிப்பாயின் காலையும் பார்த்தார். எடை குறைந்த, எளிதில் அவிழ்க்கக்கூடிய காலணி ஒன்றை அவனுக்குக் கொடுத்தார்.

அவரை நாம் மக்கள் தலைவராக்கிவிட வேண்டாம். திரேசிய அரசர்களுக்கும் பாரசீகத்துக்கும் கூட அவர் படை நடத்தினார். திரேசிய அரசன் மகளை மணந்தார். லெக்கையத்தில் ஈட்டி எறிந்தவர்களில் பலர் வயிற்றுக்காகக் கூலிக்கு வந்தவர்கள். அவர்களில் ஒருவன் பெயரையும் செனபோன் குறித்து வைக்கவில்லை. தலைவரின் பெயரோ அந்தக் காலணிக்கே நிலைத்தது: ‘இபிக்ரட்டிடெஸ்’ என்றே கிரேக்கர்கள் அதை அழைத்தார்கள்.