இணையத்தில் கடை வைக்குமுன்

(தோட்ட இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நமது லயங்களில் கருவாடு சமைக்காத வாரம் உண்டா? கடலை நம்பிய ஊர் மயிலிட்டி. 1990 இல் போரினால் இடம்பெயர்ந்த அம்மக்களுக்கு 2017 ஜூலையில்தான் துறைமுகமும் 54 ஏக்கர் காணியும் திரும்பக் கிடைத்தன. 27 வருஷம் கழித்துத் தொடங்குபவரிடம் கைமுதல் எவ்வளவு இருக்கும்?

அங்குள்ள ஒரு சிறு கருவாட்டுக் கடை, ஹட்டனுக்கும் பதுளைக்கும் இணையம் மூலம் விற்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த மென்பொருளை எடுப்பது?

ஷொப்பிபை என்றால் தளத்தை அவர்களே பராமரிப்பார்கள். ஆனால் மாதக் கட்டணம் டொலரில். வியாபாரம் இல்லாத மாதமும் கட்டத்தான் வேணும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 வரை ஏறியது. 30 டொலர் கட்டணம் என்றால் 6,000 ரூபா 10,800 ஆகிவிடும். கருவாட்டு லாபம் அப்படி ஏறுமா?

வூகொமர்ஸ் இலவசம். ஆனாலும் தளத்துக்கு இடமும் பெயரும் வாங்க வருடாவருடம் காசு வேணும். அதை உள்ளூர் நிறுவனங்களுக்கு ரூபாவிலேயே கட்டலாம். பழுது பார்க்க விஷயம் தெரிந்த பிள்ளை ஒன்றும் வேணும்.

ஆகவே மூன்று கேள்வி கேட்போம். கட்டணம் ரூபாவிலா? பேஹியர் போன்ற உள்நாட்டுக் கொடுப்பனவு முறை அதில் இணையுமா? விலகும்போது வாடிக்கையாளர் விபரமும் கணக்கும் நம் கைக்கு வருமா? கணக்குக் கொப்பி அடுத்தவர் பெட்டிக்குள் இருந்தால் என்னவாகும் என்பது கடைக்கடன் பட்ட நமக்குத் தெரியாததா?

தேயிலைத்தூள், மரக்கறி விற்க நினைக்கும் நம் பிள்ளைகளும் முதலில் போனில் ஓடர் எடுங்கள். வாடிக்கை நிலைத்தபின் மென்பொருளுக்குக் காசு போடுங்கள்.