பார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி

இன்னைக்கு எபிசோடு சின்னதுதான். ஆனா வீட்ல விண்டோஸ் கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற எல்லாருக்கும் உதவும்.

நேத்து வரைக்கும் ஒழுங்கா ஓடின சிஸ்டம். ராத்திரி ஒரு அப்டேட் வந்துச்சு, இல்ல பிரிண்டருக்குப் புதுசா ஒரு டிரைவர் போட்டீங்க. காலைல ஆன் பண்ணா சவுண்டு வரல, வைஃபை இல்ல, அடிக்கடி நீல ஸ்கிரீன். கடைக்கு எடுத்துட்டுப் போனா முதல்ல வர்ற பதில் என்ன? "பார்மட் அடிச்சிரலாம் சார்." டேட்டா வேணுமான்னு கேட்காமலே அடிக்கிற கடையும் உண்டு. அப்பாவோட வருமான வரி பேப்பர், தங்கச்சியோட ஃபைனல் இயர் பிராஜெக்ட், தாத்தா இருந்தப்போ எடுத்த போட்டோ எல்லாம் அதோட போச்சு. இத்தனைக்கும் கெட்டுப்போனது ஒரே ஒரு டிரைவரா இருக்கலாம்.

இதுக்குன்னே இருக்கிறதுதான் சிஸ்டம் ரீஸ்டோர். 2000-ல விண்டோஸ் எம்.இ.யோட வந்தது. அந்த விண்டோஸை யாரும் பெருசா கொண்டாடல. ஆனா இந்த வசதி மட்டும் தப்பிச்சு விண்டோஸ் 11 வரைக்கும் வந்திருக்கு.

இது எப்படி வேலை செய்யுது? 'ரீஸ்டோர் பாயின்ட்'னு ஒண்ணு உருவாக்கும்போது, டிஸ்க் முழுசையும் காப்பி எடுக்கிறதில்ல. அதுக்கப்புறம் டிஸ்க்ல எந்த இடம் மாறப்போகுதோ, அந்த இடத்துல இருந்த பழைய தகவலை மட்டும் ஓரமா எடுத்து வெச்சுக்கும். நீங்க திரும்பிப் போகச் சொன்னா, அதை வெச்சு சிஸ்டம் ஃபைல், டிரைவர், ரெஜிஸ்ட்ரி, புரோகிராம் எல்லாத்தையும் அந்த நாள் நிலைமைக்குக் கொண்டுபோகும்.

உங்க போட்டோ, டாகுமென்ட் எதையும் தொடாது. ஆனா அந்தத் தேதிக்கு அப்புறம் போட்ட புரோகிராம் போயிடும். எதெல்லாம் போகும்னு முன்கூட்டியே பார்க்கலாம். ரீஸ்டோர் பண்ற இடத்துலயே 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்'னு ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினா லிஸ்ட் வரும்.

இப்போ முக்கியமான விஷயம். நிறைய கம்ப்யூட்டர்ல இது ஆஃப்லயேதான் இருக்கும். பிரச்சினை வந்த பிறகு ஆன் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல. திரும்பிப் போக ஒரு பழைய பாயின்ட் வேணுமே!

அதனால இதைக் கேட்டுட்டே பண்ணிடுங்க. ஸ்டார்ட் மெனுல 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்'னு தேடுங்க. வர்ற பெட்டில சி டிரைவைத் தேர்ந்தெடுத்து 'கான்ஃபிகர்' போங்க. 'டர்ன் ஆன் சிஸ்டம் புரொடெக்ஷன்' கொடுத்து, 5 சதவீதம் மாதிரி இடம் ஒதுக்குங்க. ஓகே கொடுத்துட்டு 'கிரியேட்' அழுத்தி ஒரு பேர் வைங்க. முடிஞ்சது.

இதுக்கப்புறம் சில அப்டேட்டுக்கு முன்னாடி விண்டோஸே பாயின்ட் போட்டுக்கும். இருந்தாலும் புது டிரைவர் போடுறதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு போடுறது நல்லது. ஒதுக்கின இடம் நிறைஞ்சா பழசெல்லாம் தானா அழிஞ்சிடும். விண்டோஸ் 11-ஓட 24எச்2 வெர்ஷன்ல, 2025 ஜூன் அப்டேட்ல இருந்து, ஒரு பாயின்ட் அதிகபட்சம் 60 நாள்தான் இருக்கும்.

சரி, சிஸ்டம் டெஸ்க்டாப் வரைக்கும்கூட வரலன்னா? விண்டோஸ் லோட் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க. இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணா ரிக்கவரி ஸ்கிரீன் வரும். 'ட்ரபிள்ஷூட்', அப்புறம் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அங்க சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தா பிட்லாக்கரோட 48 இலக்க ரிக்கவரி கீ கேட்கலாம். பல லேப்டாப்ல அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேவ் ஆகியிருக்கும். இருக்கான்னு இன்னைக்கே ஃபோன்ல பார்த்து, ஒரு நோட்டுல எழுதி வைங்க.

ரீஸ்டோர் ஓடும்போது சார்ஜரை மாட்டியே வைங்க, பாதியில ஆஃப் பண்ணாதீங்க. முடிஞ்ச பிறகும் பிரச்சினை தீரலன்னா 'அன்டூ' பண்ணலாம். ஆனா சேஃப் மோடுல இருந்து ரீஸ்டோர் பண்ணியிருந்தா அந்த வாய்ப்பு கிடையாது.

ரீஸ்டோர்லயும் சரியாகலன்னா அடுத்து 'ரீசெட் திஸ் பிசி', அதுல 'கீப் மை ஃபைல்ஸ்'. போட்ட புரோகிராம் எல்லாம் போயிடும், உங்க ஃபைல் நிக்கும். பார்மட் அதுக்கும் அப்புறம்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிஸ்டம் ரீஸ்டோரை பேக்கப்னு நினைச்சிடாதீங்க. நீங்க டெலீட் பண்ண போட்டோவை இது திருப்பித் தராது. பாயின்ட் எல்லாம் அதே டிஸ்க்லதான் இருக்கு, டிஸ்க் போனா அதுவும் போச்சு. 2017-ல வந்த வானாக்ரை மாதிரியான ரான்சம்வேர், ஃபைலைப் பூட்டுறதோட நிக்காம இந்தப் பழைய பதிவுகளையும் அழிச்சிடும். தாத்தா போட்டோ பத்திரமா இருக்கணும்னா அது வெளியில இன்னொரு ஹார்ட் டிஸ்க்லயும் இருக்கணும். அந்த ஹார்ட் டிஸ்க் எப்பவும் கம்ப்யூட்டர்ல சொருகியே இருக்கக் கூடாது.

அடுத்த தடவை கடைக்காரர் பார்மட்னு சொன்னா, "அண்ணே, ரீஸ்டோர் பாயின்ட் இருக்கான்னு பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. அவர் 'இருக்கு'ன்னு சொல்லணும்னா, இன்னைக்கு நீங்க ஒண்ணு போட்டு வெச்சிருக்கணும்.

அடுத்த எபிசோடுல பேக்கப் பத்தி விரிவா பேசலாம்.