அகப்பை வடிவில் ஓர் இரயில் பாதை
(பரிசளிப்பு விழாவில் பள்ளி அறிவியல் கழகத்தின் சார்பாக ஆற்றிய உரை)



சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஓர் அண்ணன் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சார், பள்ளிக்கூடம் முடிஞ்சும் பிள்ளைங்க வீட்டுக்கு வராம பொம்மை ரயில் ஓட்டிக்கிட்டு இருக்குதுங்க. இது என்ன பாடம்?" என்றார். அன்று நேரம் போதவில்லை. அவர் இன்று முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே இந்த உரை முழுவதும் அவருக்கான பதில் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பொம்மை இரயில் தரையில் சாவி கொடுத்து ஓடுவதல்ல. 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. நம் ஊர் இரயில் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அதைச் சுருக்கி மேசை மேல் வைத்தாற்போல என்று சொல்லலாம். பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டிதான். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை ஒரு சிறு பெட்டி 12 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும். அதிலிருந்து இரண்டு கம்பிகள். ஒன்று பாசிட்டிவ், ஒரு தண்டவாளத்துக்கு. மற்றது நெகட்டிவ், அடுத்த தண்டவாளத்துக்கு. சக்கரம் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போய், இஞ்சின் ஓடும். கம்பி இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் பின்னோக்கி ஓடும். அவ்வளவுதான் கணக்கு.

வட்டப் பாதையில் இதை ஓட்டினால் ஒரு சிக்கலும் இல்லை. வெளித் தண்டவாளம் எப்போதும் வெளியே, உள் தண்டவாளம் எப்போதும் உள்ளே. ஆனால் நம் பிள்ளைகளுக்கு வட்டம் ஒரே வாரத்தில் சலித்துப் போயிற்று. "சார், குளுவாங்கிலிருந்து ஜோகூர் பாருவுக்குப் போற ரயில் திரும்பி வருதில்ல? அந்த மாதிரி போய் வரணும்" என்றார்கள். போய், தானாகத் திரும்பி வர வேண்டும். யாரும் கையால் தொடக் கூடாது. இது அவர்களே போட்ட நிபந்தனை.

சமையலறை அகப்பையை நினைத்துக் கொள்ளுங்கள். காம்பு நேராக வருகிறது, முனையில் வட்டமான குழி. இரயில் காம்பு வழியாக வந்து, குழியைச் சுற்றி, மறுபடியும் அதே காம்பு வழியாகத் திரும்பிப் போகிறது. பாதை போட்டார்கள். மின்சாரம் கொடுத்தார்கள். இரயில் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மின்சாரப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து நின்று விட்டது. ஷார்ட்!

ஏன் ஷார்ட்? இங்கேதான் பாடம் இருக்கிறது. தாய்மார்களே, வீட்டுக்குப் போய் இதைச் செய்து பாருங்கள். ஒரு சிவப்பு நூல், ஒரு கறுப்பு நூல் எடுங்கள். தரையில் அருகருகே வையுங்கள், சிவப்பு இடப்பக்கம், கறுப்பு வலப்பக்கம். இரண்டையும் சேர்த்தே அகப்பை மாதிரி வளைத்துச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே கொண்டு வாருங்கள். குழியைச் சுற்றும்போது சிவப்பு வெளிப்பக்கமே இருக்கும். திரும்பி வந்து காம்பில் சேரும் இடத்தைப் பாருங்கள். சிவப்பு வந்து கறுப்பின் தலைமேல் நிற்கும். பாசிட்டிவும் நெகட்டிவும் நேராக முட்டிக் கொள்கின்றன. மோட்டாருக்குப் போக வேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் ஓடி விடுகிறது. இது கம்பி கட்டியதில் வந்த குறையல்ல. பாதையின் வடிவத்திலேயே இருக்கும் முரண்டு. அதிகக் கரண்டு கொடுத்தாலும் தீராது, கம்பியைத் தடிமனாகப் போட்டாலும் தீராது.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நூலை வைத்துக் கொண்டு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "சார், ரெண்டும் சேராம அறுத்துட்டா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பிளேடை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவள் நூலை வெட்டினாள்.

தண்டவாளத்திலும் அதைத்தான் செய்தோம். குழிக்குள் நுழையும் இடத்தில் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டி இடைவெளி விட்டு, வெளியேறும் இடத்திலும் இரண்டையும் வெட்டி இடைவெளி விட்டு, உலோக இணைப்பானை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இணைப்பான் போட்டோம். மொத்தம் நான்கு வெட்டு. இப்போது குழி ஒரு தனித் தீவு. அதற்குத் தனியாக இரண்டு கம்பி.

தீவு பிரிந்ததால் ஷார்ட் நின்றது. ஆனால் சிக்கல் பாதிதான் தீர்ந்தது. இரயில் நுழையும்போது காம்பின் மின்சாரமும் குழியின் மின்சாரமும் ஒத்துப் போக வேண்டும். வெளியேறும்போதும் ஒத்துப் போக வேண்டும். நூல் கணக்குப்படி இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. ஆகவே, இரயில் குழிக்குள் இருக்கும் நேரத்தில் ஒன்றை மாற்றியாக வேண்டும். எதை மாற்றுவது? குழியை மாற்றினால் உள்ளே ஓடும் இஞ்சின் வந்த வழியே பின்னால் ஓடும். காம்பை மாற்றினால்? காம்பில்தான் அப்போது இரயில் இல்லையே! ஆளில்லாத வீட்டில் வெள்ளையடிப்பது போல. இரயில் உள்ளே சுற்றிக் கொண்டிருக்கும்போது வெளியே காம்பின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி வைத்துவிட வேண்டும். இரயில் வெளியே வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

கையால் மாற்ற ஆறு கால் சுவிட்ச் ஒன்று போதும், குறுக்காக இரண்டு கம்பி கட்டினால் சரி. ஆனால் தானாக நடக்க வேண்டும் என்பதல்லவா நிபந்தனை? அதற்கு ரிலே. ரிலே என்பது மின்சாரமே தட்டிவிடும் சுவிட்ச். ஒரு பக்கம் தட்டினால் அப்படியே நிற்கும், மறுபக்கம் தட்டினால் அந்தப் பக்கம் நிற்கும் வகை ஒன்று உண்டு, அதை வாங்கினோம். இஞ்சினின் அடியில் ஒரு சிறு காந்தம். தண்டவாளத்துக்கு நடுவில் ரீட் சுவிட்ச் என்ற கண்ணாடிக் குழாய். காந்தம் மேலே வந்தால் உள்ளே இருக்கும் இரண்டு தகடும் ஒட்டிக் கொள்ளும். காம்பின் இரு முனையிலும் ஒவ்வொரு குழி. இந்தக் குழியில் இருக்கும் ரீட் தட்டினால் காம்பு அந்தப் பக்கம் போகும்படி மாறும். அந்தக் குழியில் இருப்பது தட்டினால் இந்தப் பக்கம் வரும்படி மாறும். குழிகள் இரண்டுக்கும் மின்சாரம் மாறவே மாறாது, ஏனென்றால் அவற்றில் இரயில் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. பாதை பிரியும் இடத்தில் சுருள் கம்பி வைத்த பாயிண்டு. வெளியே வரும் சக்கரம் தள்ளினால் வழிவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடும். இரண்டு ரீட், ஒரு ரிலே. இரயில் போகும், வரும். நாங்கள் பார்த்துக் கொண்டிருக்கலாம்.

இரண்டு நாள் அழகாக ஓடியது. மூன்றாம் நாள் பிள்ளைகள் ஆசைப்பட்டு ஐந்தாவது பெட்டியைக் கோத்தார்கள். டக்கென்று மறுபடி சிவப்பு விளக்கு! நான்கு பெட்டிக்கு ஓடிய இரயில் ஐந்து பெட்டிக்கு ஏன் நிற்கிறது? கரண்டு போதவில்லை என்றது ஒரு கூட்டம். பெட்டி கனம் என்றது இன்னொரு கூட்டம். கடைசியில் மெதுவாக ஓட்டவிட்டு, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தார்கள். தலை போய் ரீட்டைத் தட்டும் நேரத்தில் வால் இன்னும் வாசலிலேயே நிற்கிறது. ஐந்தாவது பெட்டியின் உலோகச் சக்கரம் வெட்டின் மேல் நின்று, நாம் பிரித்து வைத்த இரண்டையும் சேர்த்து விடுகிறது. ஆகவே ரீட்டை இரயில் நீளத்துக்கும் அதிகமாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். குழியும் அதற்குத் தக்கபடி பெரிதாக இருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகள்தான். அண்ணன் அவர்களே, அளவெடுத்தல், காரணம் தேடுதல், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் எல்லாம் அந்த ஒரு பிற்பகலில் நடந்தன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் எடுக்கப்பட்டு விட்டது. பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்று நான் வேறு எதை வைத்துப் பார்ப்பேன்?

வெளிநாடுகளில் இதற்கு வேறு வழிகளும் உண்டு. ஜெர்மனியின் மார்க்லின் இரயிலில் நடுவில் மூன்றாவது தொடர்பு இருக்கிறது. இரண்டு தண்டவாளமும் ஒரே முனை. அவர்களுக்கு அகப்பைச் சிக்கலே கிடையாது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை ஒட்டி, அமெரிக்காவின் தேசிய மாதிரி இரயில் சங்கம் 1990களில் வகுத்த டிஜிட்டல் முறையில், எந்தப் பக்கம் ஓடுவது என்பதை இஞ்சினுக்குள் இருக்கும் சில்லு தீர்மானிக்கிறது. தண்டவாளத்தில் முனை மாறினாலும் இஞ்சின் கண்டுகொள்ளாது. ஆகவே ஒரு சிறு கருவி, சக்கரம் வெட்டைத் தாண்டும்போது ஷார்ட்டை உணர்ந்து கண் சிமிட்டும் நேரத்தில் குழியின் முனையைப் புரட்டிவிடும். நல்ல கருவிதான். ஆனால் அதை வாங்கி மாட்டியிருந்தால் யாரும் நூலை எடுத்துத் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு ரிலேயே போதும்.

"நிஜ இரயிலுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று யாராவது கேட்கலாம். டார்ஜிலிங்கின் பத்தாசியா வளையமும் இலங்கையின் தெமோதரை வளையமும் பார்வைக்கு நம் அகப்பை போலவே தெரியும். ஆனால் அவை மலை ஏறுவதற்காகப் போட்ட சுற்று. பாதை தன்னையே மேலும் கீழுமாகக் கடந்து முன்னே போய்விடும், திரும்பாது. ஜோகூர் பாரு வரும் மின்சார இரயிலுக்கோ இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும்.

ஆனால் அந்த வெட்டு இருக்கிறதே, அது நிஜம். 1872இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பவர் தண்டவாளத்தில் சிறு மின்சாரம் செலுத்தி, இரயில் எங்கே நிற்கிறது என்று அறியும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுகளுக்கு நடுவில் மின்சாரம் தாண்டாத இணைப்பைப் போடுவார்கள். இரயில் ஒரு துண்டுக்குள் வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்து ஷார்ட் ஆக்கும், ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். நம்மை நிறுத்திய அதே ஷார்ட்தான் அங்கே இரண்டு இரயில் மோதாமல் காக்கிறது. கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் ரிலே விழுந்து சிவப்பே எரியும். உலகத்தில் எத்தனையோ பாதைகளில் இன்றும் இந்த முறை வேலை செய்கிறது.

நம் ஜோகூரில் 1869இல், அபு பாக்கார் காலத்தில், குனோங் பூலாயை நோக்கி மரத்தாலேயே தண்டவாளம் போடத் தொடங்கினார்கள். கறையான் தின்றுவிட்டது. (ஷார்ட் மட்டும் ஆகியிருக்காது!) கெமாசிலிருந்து ஜோகூர் பாரு வரை இரும்புப் பாதை 1909இல் திறக்கப்பட்டது. மலாயாவின் இரயில் பாதைகளில் கல் உடைத்தவர்கள், கட்டை சுமந்தவர்கள், வெயிலில் கேங்கு வேலை பார்த்தவர்களில் நம்மவர் எத்தனை பேர் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அந்தப் பாதை இரட்டைப் பாதையாகி, மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. 2025இல் மின்சார இரயில் சிகமட், குளுவாங் எனப் படிப்படியாக ஜோகூர் பாரு வரை வந்துவிட்டது. சிக்னல் பார்க்க, மின்கம்பி பார்க்க, ரிலே பார்க்க ஆள் தேவை. அந்த வேலைக்குப் படிப்பது தொழிற்கல்லூரியில்தான். ஆனால் அங்கே போய் உட்காரும் பிள்ளை, "இது நமக்கு ஏறாது" என்று பயந்து எழுந்து வரக்கூடாது. கட்டை சுமந்தவரின் கொள்ளுப் பேத்தி நம் வகுப்பில் இருக்கிறாள். தண்டவாளத்தை எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னவளே அவள்தான்.

ஒரு வேண்டுகோள். மேசையில் இருப்பது 12 வோல்ட். தொட்டாலும் ஒன்றும் ஆகாது. நிஜப் பாதைப் பக்கம் எந்தப் பிள்ளையும் போகக் கூடாது, பட்டம் விடுவதும் கூடாது. வீட்டுச் சுவர் சாக்கெட்டையும் தொடக் கூடாது. கழகத்தில் சேரும் நாளில் நான் சொல்லும் முதல் பாடம் இது. பெற்றோரும் வீட்டில் சொல்ல வேண்டும்.

கழக நேரம் செவ்வாய், வியாழன் பிற்பகல் மூன்றரை மணியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பிள்ளை வீடு வரவில்லை என்றால் பந்துத் திடலில் தேடுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். இப்போது முக்கோணப் பாதை ஒன்று போட்டுக் கொண்டிருக்கிறார்கள். அதிலும் இரயில் முகம் திரும்பும், அதிலும் ஷார்ட் ஆகும். இரண்டு இடத்தில் வெட்டினால் போதுமா, மூன்று இடத்தில் வெட்ட வேண்டுமா என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கிறார்கள். பரிசளிப்பு முடிந்ததும் அறிவியல் அறைக்கு வாருங்கள், இரயில் ஓடிக் கொண்டிருக்கும். அண்ணன் அவர்களே, ஐந்தாவது பெட்டியை நீங்களே கோத்து விடலாம்.