சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்: கீசர் பாதுகாப்பு உரை

(நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் கீசர் ஓடாத காலை இருக்காது. கீசரைப் பற்றி அடிக்கடி வரும் புகார்கள் இரண்டு. ஒன்று, "வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது." இன்னொன்று, "கீசரைப் போட்டால் மெயின் ட்ரிப் ஆகிறது." இரண்டுக்கும் பலர் செய்யும் தீர்வு ஆபத்தானது. முதலாவதற்கு எம்-சீல் வைத்து அடைக்கிறார்கள். இரண்டாவதற்கு ஆர்சிசிபியையே கழற்றி நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். உயிரைக் காக்க வைத்த காவல்கள் இரண்டும் இப்படித்தான் போகின்றன.

வால்வை முதலில் பார்ப்போம். சூடானால் தண்ணீர் விரியும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 350 மில்லி கூடுகிறது. மூடிய தொட்டியில் அது எங்கே போகும்? கீசருக்குத் தண்ணீர் வரும் குழாயில் உள்ள சேஃப்டி வால்வு அதை வெளியே விடுகிறது. ஆகவே சூடேறும்போது கொஞ்சம் சொட்டுவது பழுதல்ல. சொட்டும் தண்ணீரை ஒரு சிறு டியூப் வைத்துத் தரைக்குக் கொண்டுவாருங்கள். அந்த டியூபில் குழாய்த் திருகு எதுவும் போடாதீர்கள். வால்வு அடைபட்டிருக்கும் நேரத்தில் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் வேலை செய்யாமல் போனால் தொட்டி வெடிக்கும்.

கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கலாம், அல்லது தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒவ்வொரு 10 மீட்டர் கீழே வரவும் அழுத்தம் 1 பார் கூடும். அதனால் உயரமான கட்டடங்களில் கீழ்த்தளத்து வீடுகளுக்குத்தான் இந்தத் தொந்தரவு அதிகம். அவர்கள் 8 பார் தாங்கும் கீசராக வாங்க வேண்டும். தேவைப்பட்டால் அழுத்தம் குறைக்கும் வால்வும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ட்ரிப் ஆவது. கீசரைப் போட்டவுடன் ஆர்சிசிபி விழுகிறதென்றால் பெரும்பாலும் எலிமென்டின் உறை விரிசல் விட்டிருக்கும். மின்சாரம் தண்ணீரில் கசிகிறது என்று ஆர்சிசிபி உங்களுக்குச் சொல்கிறது. மாற்ற வேண்டியது எலிமென்டைத்தான். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கீசர் ஓடக்கூடாது. எம்சிபி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அது ஒயரைக் காக்கும், ஆளைக் காக்காது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் இதை வீட்டு உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எர்த்தும் முக்கியம். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகும். குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஆண்டுக்கு ஒருமுறை எர்த் அளவு பார்ப்பதும் சங்கத்தின் வேலை. செயற்குழு இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பல அடுக்ககங்கள் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பித்தான் இருக்கின்றன. வாளியில் படியும் வெள்ளைக் கறையேதான் எலிமென்டின் மேலும் படிகிறது. கறை தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்டிலேயே தங்கி, அது வெடிக்கிறது. கீசருக்குள் 'கடகட' என்று சத்தம் கேட்டால் உப்பு படிந்துவிட்டது என்று அர்த்தம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. நம் தண்ணீர் எவ்வளவு என்று ஒருமுறை சோதித்துக்கொள்வோம். 600-ஐ நெருங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உப்பு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை போதும். அப்போதே மக்னீசியம் ஆனோட் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரையும் தண்டு அது. நடுக்கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

புதிதாகப் பொருத்துவோருக்குச் சில வார்த்தைகள். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர். இதற்குத் தனி ஒயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். தண்ணீர் நிறைந்த 25 லிட்டர் கீசர் 35 கிலோ அளவுக்குக் கனக்கும். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண ஸ்க்ரூ தாங்காது, அதற்கேற்ற ஆங்கர் போல்ட் கேளுங்கள். பொருத்தியவுடன் வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராகத் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

வெப்பத்தை 50 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். குளிக்கப் போகும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் குளிக்கப் போன சகோதரிகள் இருவர் இறந்தார்கள். கேஸ் கீசரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் கீசர் குளியலறைக்கு உள்ளே இருக்கக் கூடாது. காற்றோட்டமான வெளி இடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை அதை ஓட்டாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்குங்கள். டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சேஃப்டி வால்வு அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உப்பு எடுத்த தேதியைக் கீசரின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். தேதி நினைவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.